மிச்ச வெப்பம் போன இடம்

பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவில் எனக்கு "கரண்ட் ஆபீஸ் பொண்ணு" என்று பெயர். மின்சாரம் போனால் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். "எப்பம்மா வரும்?" என்று எதிர்வீட்டு ஆன்ட்டி கேட்பார். கரண்ட் ஆபீஸுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை, நான் வேலை செய்வது மின்சாரம் தயாரிக்கிற இடத்தில் என்று ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். "கொஞ்ச நேரத்துல வந்துடும் ஆன்ட்டி" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். பெரும்பாலும் வந்தும்விடும். என்னால்தான் வந்தது என்று நினைத்து அவர் ஒரு கிண்ணத்தில் எதையாவது கொண்டுவந்து கொடுப்பார்.

நான் வேலை பார்த்த மின்நிலையம் ஊரைத் தாண்டி, மாந்தோப்புகளும் புதிதாய் எழும்பிய அடுக்குமாடிகளும் கலந்து கிடந்த ஓர் இடத்தில் இருந்தது. குழாயில் வரும் எரிவாயுவை எரித்து, அந்தச் சூட்டில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுப்போம். விமானத்தின் இஞ்சினைக் கழற்றித் தரையில் படுக்கவைத்தது போல என்று சொன்னால் பலருக்குப் புரியும். எரித்த வாயுவுக்கு ஈடாக எவ்வளவு மின்சாரம் வந்தது, வராமல் போனது எந்த வழியாகப் போனது என்று பார்ப்பது என் வேலை. அந்தப் பதவிக்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. பிளான்ட்டில் எல்லோரும் "லாஸ் மேடம்" என்பார்கள். நஷ்டக் கணக்கு பார்க்கிற மேடம். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

அந்த நாட்களை நினைத்தால் முதலில் வேன்தான் ஞாபகத்துக்கு வருகிறது. விடிந்தும் விடியாமலும் அல்சூர் ஏரிக்கரையோரம் நின்று ஏறிக்கொள்வேன். ஏரியின் மேல் பனி படுத்திருக்கும். நடைபயிற்சிக்கு வருகிறவர்கள் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு கையை வீசிப் போவார்கள். வேனுக்குள் எனக்கு முன்னாலேயே சிவாஜிநகரில் ஏறிய ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ். கண்ட்ரோல் ரூமில் டர்பைனை ஓட்டுகிறவர். பாய் என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவர் மடியில் எப்போதும் ஒரு காகிதப் பொட்டலம் இருக்கும், உள்ளே சூடான காரா பன். ஒன்றை எடுத்து நீட்டுவார்.

"வூட்டுல சாப்ட்டேன் பாய்."

"நக்கோ நக்கோ, வேணாம், பொய் சொல்லாதே. இந்த நேரத்துல யாரு மா சாப்டுவாங்க? புடி."

பெண்களே இல்லாத ஷிஃப்டில் நான் போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில், கண்ட்ரோல் ரூமில் எனக்கென்று ஒரு நாற்காலியை எங்கிருந்தோ தள்ளிக்கொண்டு வந்து போட்டவர் அவர். நாற்காலியைப் போட்டுவிட்டுத் தன் திரைக்குத் திரும்பிவிட்டார்.

நான் சொல்ல வந்தது ஒரு டிசம்பர் மாதத்தைப் பற்றி. அதற்கு முன்பு சில வாரங்கள் பராமரிப்புக்காக டர்பைனை நிறுத்திப் பிரித்துப் போட்டிருந்தோம். தேய்ந்ததை மாற்றி, குழாய்களை வெட்டி ஒட்டி, எல்லாம் முடித்து மறுபடி மூடினார்கள். பிரித்துச் சீர் செய்த மெஷின் முன்னைவிட நன்றாக ஓட வேண்டும். எங்களுடையது முன்னைவிடக் குறைவாகக் கொடுத்தது. முழு லோடில் வைத்தும் சில மெகாவாட் துண்டு விழுந்தது. அதே சமயம் ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாயு கூடுதலாக எரிந்தது.

உடனே ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வரும் வாயுவின் தரம் சரியில்லை என்றார்கள் ஓட்டுகிறவர்கள். ஓட்டத் தெரியவில்லை என்றார்கள் பராமரிப்புக்காரர்கள். பக்கத்தில் சாலை போடுகிறார்கள், காற்று வடிகட்டியில் புழுதி அடைத்திருக்கும் என்றார் ஒருவர். எல்லாவற்றையும் பார்த்தோம். வடிகட்டிகளை மாற்றினோம். கம்ப்ரசர் இறக்கைகளில் அழுக்குப் படிந்திருக்கும் என்று தண்ணீர் பீய்ச்சிக் கழுவினோம். வாயு மீட்டரைச் சோதித்தோம். ஒன்றிரண்டில் துளி முன்னேற்றம் தெரிந்தது. பெரிய ஓட்டை எங்கே என்று தெரியவில்லை.

எங்கள் மேனேஜர் மாண்டியாக்காரர். என்னிடம் கன்னடத்தில்தான் பேசுவார், நானும் கன்னடத்திலேயே பதில் சொல்வேன். நல்ல மனிதர், ஆனால் மேலிடத்திலிருந்து தினமும் போன் வந்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

"சூடு காணாமல் போகாது என்று நீங்கள்தானே அம்மா சொல்வீர்கள்? அப்படியானால் எங்கே போயிற்று, சொல்லுங்கள்" என்றார் ஒரு நாள், எல்லோர் முன்னாலும்.

அன்று வேனில் திரும்பும்போது பாய் பேச்சுக் கொடுக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

இதற்கு நடுவில் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இருந்த வேலைக்கு மேல் எதையும் ஆசைப்படாதவர், என் கல்யாணம் தவிர. முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. வந்தவர்களில் பாதிப் பேருக்கு நான் ஷிஃப்டில் வேலை பார்ப்பது பிடிக்கவில்லை. மீதிப் பேருக்கு நான் பேசுவது பிடிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர் அடுகோடியில் சின்னதாக ஓர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். லேத், மில்லிங் என்று சில மெஷின்கள். பெரிய கம்பெனிகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுப்பார். டிப்ளமோ படித்தவர். "பொண்ணு இஞ்சினியர், மாப்ள டிப்ளமோவா?" என்று அம்மா முனகினாள். "சொந்தக் கால்ல நிக்கிறான், பாப்போம்" என்றார் அப்பா.

அவரும் அவர் அம்மாவும் அக்காவும் வந்திருந்தார்கள். எங்கள் கூடத்தில் நாற்காலி போதாமல் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிப் போட்டிருந்தோம். நான் காபி கொடுத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பஜ்ஜியைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டார்.

"என்னா வேலைன்னு தரகர் சொன்னாரு, எனக்குப் புரியல. கரண்ட் ஆபீஸா?"

"இல்லீங்க. பவர் பிளான்ட்."

"அங்க நீங்க என்னா செய்வீங்க?"

வழக்கமாக இந்த இடத்தில் "இஞ்சினியரா இருக்கேன்" என்று நிறுத்திக்கொள்வேன். அன்றைக்கு வாரம் முழுக்க அலைந்த களைப்பு. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"எரிக்கிற கேஸுக்கு எவ்ளோ கரண்ட் வருதுன்னு பாப்பேன்."

"எவ்ளோ வரும்?"

"பத்து சிலிண்டர் எரிச்சா, சுமாரா மூணரை சிலிண்டர் அளவுக்குத்தான் கரண்டா வரும்."

அவர் பஜ்ஜியைத் தட்டில் திருப்பி வைத்தார். "மிச்சம்?"

"சூடாவே போயிடும்."

"எங்க போயிடும்?"

அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கல்லூரி நேர்முகத்தில் கேட்டிருக்கிறார்கள், அது வேறு. இவர் தன் வீட்டில் ஏதோ களவு போனது போல முகத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். நான் சொல்ல ஆரம்பித்தேன். டர்பைனைச் சுற்றிவிட்டு வெளியே வருகிற புகைக்காற்று ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும், அது அப்படியே புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகிறது என்றேன். அந்தச் சூட்டைப் பிடித்து நீராவி ஆக்க ஒரு பாய்லர் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அது வரும்வரை வேறு வழியில்லை என்றேன். டர்பைன் உண்டாக்குகிற பலத்தில் பாதிக்கு மேல் காற்றை உள்ளே இழுத்து அமுக்குகிற கம்ப்ரசரே எடுத்துக்கொள்ளும் என்றபோது அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"அப்ப இந்த ஊரு குளிருக்கு நல்லா ஓடணுமே? குளுந்த காத்து கனமா இருக்கும், இல்லையா?"

"ஆமாங்க. ஆனா நம்ம ஊரு மேட்டுல இருக்குல்ல, காத்து மெலிசு. மெட்ராஸ்ல வெச்சா உஷ்ணத்துல குறையும், இங்க வெச்சா மேட்டுல குறையும்."

"நல்ல கூத்து" என்று சிரித்தார்.

"டேய்" என்றார் அவர் அம்மா, "பொண்ணு பாக்க வந்தியா, பாடம் படிக்க வந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே அவர் என்னிடம் கேட்டார், "நீங்க ஏன் டல்லா இருக்கீங்க?" நான் யோசிக்காமல் சொன்னேன், "ஒரு மாசமா அந்த மூணரையும் சரியா வரல. எங்க போகுதுன்னு தெரியல." அவர் தலையாட்டினார். "கெடச்சா சொல்லுங்க" என்று எல்லோர் முன்னாலும் என் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர்கள் போனதும் அம்மா தட்டுகளை அடுக்கியபடி, "இதுவும் போச்சு. கேஸு, சூடுன்னு... ஒரு நாளாவது வாய மூடிட்டு இருக்கக் கூடாதாடி?" என்றாள். அப்பா மிச்சமிருந்த பஜ்ஜியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து போனில் ஒரு வரி வந்தது. "கெடச்சுதா?"

"இல்ல" என்று அனுப்பினேன்.

மறுநாளும் வந்தது, அதே ஒரு வார்த்தை. அதே பதில். சம்மதமா இல்லையா என்று இரண்டு வீட்டிலும் காத்துக்கொண்டிருக்க, நாங்கள் இந்த ஒரு கேள்வியும் ஒரு பதிலுமாகப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு நாள் வேலை முடிந்து அல்சூரில் இறங்கியபோது அவர் பைக்கோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்து தர்ஷினி ஓட்டலில் நின்றபடியே காபி குடித்தோம். அவர் சட்டைக் கையில் கிரீஸ் கறை இருந்தது. கழுவிக்கொண்டு வந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றவில்லை.

"எங்களுக்கு வீணாப் போறது கண்ணுக்குத் தெரியும்" என்றார். "கடைஞ்ச இரும்புச் சுருள் காலடியில கெடக்கும். கூட்டி அள்ளி மூட்டை கட்டி வெச்சா ஒருத்தன் வந்து தூக்கிட்டுப் போவான். உங்களுக்கு அது கூட இல்ல. கண்ணுக்கே தெரியாததைத் தேடுறீங்க."

"எனக்குப் பழகிடுச்சு."

"பழகினா மாதிரி தெரியல. மூஞ்சப் பாத்தா தெரியுது."

எனக்கு அழுகை வருவது போல இருந்தது. காபி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேலே எதுவும் கேட்காமல் இன்னொரு காபி வாங்கி இரண்டாகப் பிரித்தார்.

அந்த வாரத்தில் ஒரு காலை நேரம். வேனிலிருந்து இறங்கும்போது பற்கள் தந்தியடித்தன. ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்தியிருந்தேன். நேராக உள்ளே போகாமல் காற்று வடிகட்டிக் கூடத்துக்கு அடியில் ஒரு சுற்று வந்தேன். டர்பைனுக்கான காற்றை அங்கேதான் இழுப்பார்கள். இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பெரிய பெட்டி, அதன் வாயில் இடைவிடாத இரைச்சல். பக்கத்தில் நின்றால் சால்வை நுனி அந்தப் பக்கமாக இழுபடும். ஜில்லென்ற காற்று முகத்தைத் தடவிக்கொண்டு உள்ளே போயிற்று.

கண்ட்ரோல் ரூமுக்குள் போனதும் பழக்கத்தில் திரையைப் பார்த்தேன். கம்ப்ரசருக்குள் போகிற காற்றின் வெப்பம் இருபத்தொரு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே என்று காட்டியது. பாய் கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாய், வெளிய இருபத்தொண்ணா இருக்குது?"

"எங்க மா இருபத்தொண்ணு? காது உறையுது."

"அப்ப இது என்ன?"

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

பெங்களூரில் குளிர் குறைந்துவிட்டது என்பது யாரும் மறுக்காத பேச்சு. பஸ் ஸ்டாப்பில், கல்யாண வீட்டில், பால் வாங்குகிற இடத்தில், எங்கே நின்றாலும் "முன்ன மாதிரி இல்ல, வெயில் ஏறிடுச்சு" என்பார்கள். எங்கள் கண்ட்ரோல் ரூமிலும் அந்த மாதம் முழுக்க அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். டிசம்பரில் கூட உள்ளே போகிற காற்று இவ்வளவு சூடாக இருக்கிறதே என்று ஆளாளுக்குச் சலித்துக்கொண்டோம். அந்த எண்ணைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் நாங்கள் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்த ஒன்றைத்தான் அது சொன்னது.

ரசாயன லேபிலிருந்து ஒரு கண்ணாடி வெப்பமானியை வாங்கிவந்து வடிகட்டி வாயில் பிடித்தேன். பாதரசம் பதினைந்தில் நின்றது. ஆக, வடிகட்டிக்கும் கம்ப்ரசருக்கும் நடுவில் எங்கோ காற்று ஆறு டிகிரி சூடேறுகிறது. அளக்கும் கருவி பழுதா என்று பாய் கேட்டார். அந்த இடத்தில் மூன்று கருவிகள் இருந்தன, மூன்றும் ஒரே மாதிரி சொல்லின.

"நடுவுல என்ன மா இருக்குது? வெறும் டக்டு, காத்து போற வழி."

"டக்டு மட்டும் இல்ல பாய். சூட்டுக் காத்துக் குழாய் ஒண்ணு வந்து சேருது."

அது எல்லா டர்பைனிலும் இருக்காது, எங்களுடையதில் இருந்தது. லோடு குறைவாக ஓடும்போது கம்ப்ரசரிலிருந்து அமுக்கிய சூட்டுக் காற்றில் கொஞ்சத்தை எடுத்து, உள்ளே வருகிற காற்றோடு கலந்துவிடுவார்கள். அப்போதுதான் மெஷின் அடங்கி ஓடும். முழு லோடுக்கு வந்ததும் குழாயில் இருக்கிற வால்வு தானாக மூடிக்கொள்ளும். திரையில் அந்த வால்வு முழுக்க மூடியிருப்பதாகத்தான் பச்சை எழுத்தில் இருந்தது. ஆனால் மூடியது போலக் காட்டிக்கொண்டு உள்ளே கசிந்தால்? அவ்வளவு வாயுவை எரித்து, அவ்வளவு பாடுபட்டு அமுக்கிய காற்று டர்பைனுக்குப் போகாமல் வந்த வழியே திரும்பி ஓடும். போதாததற்கு, உள்ளே வருகிற குளிர்ந்த காற்றையும் சூடாக்கி மெலிதாக்கும். இரண்டு பக்கமும் நஷ்டம்.

மேனேஜரிடம் போனோம். அவர் திரையைக் காட்டினார். "நோட்ரி, பாருங்கள், மூடியிருக்கிறது என்கிறதே."

"சார், அந்தக் குழாயில் கையால் சுற்றி மூடுகிற வால்வு இன்னொன்று இருக்கிறது. அதைக் கொஞ்ச நேரம் மூடிப் பார்க்கலாம். மெகாவாட் ஏறவில்லை என்றால் உடனே திறந்துவிடலாம்."

அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அந்த நேரம் பார்த்து லோடைச் சட்டென்று இறக்க வேண்டி வந்தால் அந்தக் குழாய் திறந்தாக வேண்டும். கை வால்வு மூடியிருந்தால் மெஷின் தடுமாறி நின்றுவிடலாம். நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

பாய் தொண்டையைக் கனைத்தார். "சார், டெஸ்க்குல நான் இருக்கேன். கை எடுக்கமாட்டேன். ஏதாச்சும் ஆச்சுன்னா நான் எழுதிக் கொடுக்கிறேன், என் ஷிஃப்டுல ஆச்சுன்னு."

என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவருக்கு ஸ்கூல் போகிற இரண்டு பெண் குழந்தைகள். இது அவர் கணக்கு அல்ல, என் கணக்கு. ஆனாலும் சொன்னார்.

மேனேஜர் மின்சாரம் பகிர்ந்தளிக்கும் மையத்துக்குப் போன் செய்து, சிறிது நேரம் எங்கள் லோடைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஃபிட்டர்கள் இருவர் மேலே ஏறினார்கள். நான் வாக்கிடாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு திரைக்கு எதிரே நின்றேன். "சுத்த ஆரம்பிக்கிறோம் மேடம்" என்று குரல் வந்தது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காற்றின் வெப்பம் இருபதுக்கு வந்தது. பத்தொன்பது. மெகாவாட் எண்ணின் கடைசி இலக்கம் துடித்தது. மெதுவாக, மாடிப்படி ஏறுகிற வயதானவர் போல, நின்று நின்று ஏற ஆரம்பித்தது. மேனேஜர் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. பதினாறுக்கு வந்தபோது அவர்தான் முதலில் கத்தினார்.

"ஏர்தா இதே! நோட்ரி, ஏர்தா இதே!"

ஏறுகிறது, ஏறுகிறது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் இழந்ததில் பெரும்பகுதி எங்கள் கண் முன்னால் திரும்பி வந்தது. பாய் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இடது கையால் பொட்டலத்தைத் துழாவி எனக்கு ஒரு பன்னை நீட்டினார்.

நான் வெளியே வந்து மரத்தடியில் நின்று போன் செய்தேன். எடுத்ததும் லேத்தின் இரைச்சல் காதை அடைத்தது.

"கெடச்சுது" என்றேன்.

"என்னது?"

"கெடச்சுதுங்க! கெடச்சிடுச்சு!"

"இரு, இரு. மெஷின ஆஃப் பண்றேன். இரு."

இரைச்சல் தணிந்து அமைதியானது. அந்த அமைதியில்தான் கவனித்தேன். அதுவரை இருங்க, சொல்லுங்க என்று பேசியவர் "இரு" என்றுவிட்டார். அவருக்கே தெரிந்திருக்காது. "ம், இப்ப சொல்லு" என்றார். நான் ஒன்று விடாமல் சொன்னேன். குழாய், வால்வு, குளிர், பாதரசம் எல்லாம். அவர் நடுவில் குறுக்கிடவே இல்லை. முடித்ததும், "எங்க அம்மாவ இன்னிக்கே உங்க அப்பாவுக்குப் போன் பண்ணச் சொல்றேன்" என்றார்.

அடுத்த முறை மெஷினை நிறுத்தியபோது வால்வைப் பிரித்துப் பார்த்தார்கள். குழாயை வெட்டி ஒட்டியபோது விழுந்த வெல்டிங் துணுக்கு ஒன்று, சுண்டைக்காய் அளவு, வால்வு உட்காரும் இடத்தில் சிக்கிச் சுற்றிலும் அரித்திருந்தது. யார் விட்டது என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மேனேஜரும் அதைத் தோண்டவில்லை.

கல்யாணம் கோடையில் அல்சூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. பாய் குடும்பத்தோடு வந்து, முதல் பந்தியிலேயே உட்கார்ந்து, என் மாமியாரிடம் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கினார். மேனேஜர் மேடைக்கு வந்து என் கணவர் கையைக் குலுக்கி, "எங்கள் லாஸ் மேடத்தைக் கொடுக்கிறோம், பத்திரம்" என்று கன்னடத்தில் சொன்னார். லாஸ் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு அம்மா பதறிப்போனாள். அப்பாதான் அவளுக்கு மெதுவாக விளக்கினார்.

கல்யாணமாகி ஒன்றிரண்டு வருடத்தில் அந்தப் பாய்லரும் கட்டி முடிந்தது. வானத்துக்குப் போய்க்கொண்டிருந்த புகைக்காற்றைத் திருப்பி, நீராவி எடுத்து, அதில் இன்னொரு டர்பைனைச் சுழற்ற ஆரம்பித்தோம். அதே வாயு, கூடுதலாக ஒரு துளி எரிக்காமல், முன்பு கிடைத்ததைப் போல ஒன்றரை மடங்கு மின்சாரம். அதைக் கொண்டாட வேலையாட்களின் குடும்பங்களை ஒரு சனிக்கிழமை உள்ளே வரச் சொன்னார்கள். என் கணவர் தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு பழைய புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார். முன்பெல்லாம் அதன் உச்சியில் காற்று தண்ணீர் போல நெளியும், பின்னால் இருக்கிற மேகமே ஆடும். அன்று அங்கே ஒன்றும் ஆடவில்லை.

"இப்ப எல்லாத்தையும் புடிச்சாச்சா?" என்றார்.

"எல்லாத்தையும் இல்ல. அந்தா பாருங்க." குளிரூட்டும் கோபுரத்தைக் காட்டினேன். வெண்மையாக ஆவி கிளம்பி மாந்தோப்புப் பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. "நீராவியத் திரும்பத் தண்ணியாக்கணும்ல. அந்தச் சூடு அது வழியாப் போகுது. இன்னும் கிட்டத்தட்டப் பாதி போகுது."

"அதையும் புடிக்க முடியாதா?"

"முடியாதுங்க. சூடு இருக்கிற இடத்துலருந்து குளிர் இருக்கிற இடத்துக்குப் போனாத்தான் சக்கரம் சுத்தும். போறதுல கொஞ்சம் விட்டுத்தான் ஆகணும். அது யாரு கையிலயும் இல்ல."

அவர் யோசித்தார். "அப்ப அதை வுட்டுரு. அதுக்காக மூஞ்சத் தூக்கி வெச்சுக்காத" என்றார். என் வேலையைப் பற்றி எனக்கு யாரும் இதைவிட நல்ல வார்த்தை சொன்னதில்லை.

இப்போது அந்த பிளான்ட் எப்போதாவதுதான் ஓடுகிறது. எரிவாயு விலை ஏறிவிட்டது, பகல் முழுக்கச் சூரிய மின்சாரம் வருகிறது. நான் சில வருடங்களுக்கு முன்பு வேலை மாறி, கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் உட்கார்ந்து ஏதேதோ நாடுகளில் ஓடும் டர்பைன்களைத் திரையில் கவனிக்கிறேன். பாலைவனத்தில் ஒன்று, பனி பெய்கிற ஊரில் ஒன்று. எண்கள் சுத்தமாக வருகின்றன. அறையில் ஏசி எப்போதும் ஒரே அளவில் இருக்கிறது. வெளியே மழையா வெயிலா என்று கீழே சாப்பிடப் போகும்போதுதான் தெரிகிறது. நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மெஷின் பக்கத்தில் நின்று சால்வை இழுபடுவதை உணர்ந்த நாட்களை கூட வேலை பார்க்கிற சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் குழுவில் பாதிப் பேர் டர்பைனை நேரில் பார்த்ததே இல்லை.

பாய் வளைகுடாவுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு பெரிய நிலையத்தில் இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் போன் செய்வார். "இங்க வெயிலு இல்ல மா, அடுப்பு. மெஷின் பாவம், மூச்சு வாங்குது" என்பார். போன மாதம் லீவில் வந்தவர், பழைய பிளான்ட்டைப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு ஞாயிறு சாயங்காலம் என் கணவர் காரை ஓட்ட, மூவரும் போனோம். மாந்தோப்புகள் போய்விட்டன. வழி நெடுக அடுக்குமாடிகளும் பேக்கரிகளும். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். பாய் அவருடைய பெரிய பெண்ணின் கல்யாணப் பேச்சைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாதியில் நிறுத்திக் கையை உயர்த்தினார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் மெல்லிய முனகலாக ஒன்று கிளம்பியது. சாயங்கால நேரத்துத் தேவைக்கு ஸ்டார்ட் பண்ணச் சொல்லியிருப்பார்கள். முனகல் ஏறி ஊளையானது, ஊளை தடித்து இரைச்சலானது, கடைசியில் காதைவிட மார்பில் அதிகம் படுகிற அதிர்வாக நிலைத்தது. மெஷின் முழு வேகத்துக்கு வந்துவிட்டது என்று எங்கள் இருவருக்கும் ஒரே நொடியில் தெரிந்தது. பாய் கையை இறக்கினார்.

"நல்லாத்தான் ஓட்றானுங்க" என்றார்.

என் கணவர் இன்னொரு டீ சொன்னார். டீக்கடைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இந்தச் சத்தம் இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் இருக்கும், உள்ளே வந்து உட்காருங்கள் என்றார். பரவாயில்லை, இங்கேயே இருக்கிறோம் என்று சொன்னோம்.